கொடியில் இருந்த தண்ணீர் எங்கே போகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை ஃபிளாட்டுகளில் ஹாலுக்குக் குறுக்கே நைலான் கயிறு ஏறிவிடும். பனியனை விலக்கிவிட்டுத்தான் டி.வி. பார்க்க வேண்டும். சரி, மழைக்காலத்தில் வேறு வழியில்லை. ஆனால் அந்தத் துணிகளில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

போன மழையில் எங்கள் வீட்டு டர்க்கி டவல் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். காய்ந்தபோது 410 கிராம். மெஷின் பிழிந்து கொடுத்ததும் 650 கிராம். அந்த ஒரு டவலில் மட்டும் 240 கிராம் தண்ணீர். இப்படி ஒரு மெஷின் துணியைக் கொடியில் போட்டால் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்க வேண்டும்.

காற்று அதைத் தாங்குமா? 28 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரமும் பத்தடி என்றால் சுமார் 34 கன மீட்டர். அதன் மொத்தக் கொள்ளளவு 920 கிராம் போல வரும். மழை நாளில் ஈரப்பதம் ஏற்கெனவே 80 சதவீதம் இருக்கும். மீதி இடம் 180 கிராம். அந்த ஒரு டவலுக்கே பற்றாது!

ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை ஐந்தில் வைப்பது அதனால்தான் பாதி வேலை. துணியை ஒட்டி ஈரக்காற்று ஒரு மெல்லிய படலமாக நிற்கும். ஃபேன் அதைக் கலைத்துவிடும், உண்மைதான். ஆனால் கலைந்த ஈரம் அறைக்குள்ளேயேதான் சுற்றும்.

'மழைக்காற்று உள்ளே வந்தால் இன்னும் ஈரம்தானே?' என்று என் மாமியார் கேட்பார். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வெளியே 24 டிகிரியில், 95 சதவீத ஈரப்பதத்தில் உள்ள காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அது 28 டிகிரி அறைக்குள் வந்து சூடானதும் இன்னும் 6 கிராம் ஏற்கும். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு வழியும் விட்டால் துணி நிஜமாகவே காயும்.

வழி விடாவிட்டால் அந்த ஈரம் சுவரைத் தேடிப் போகும். 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராய்ப் படியத் தொடங்கும். மழையில் நனைந்த வெளிச்சுவரின் உட்புறம் அவ்வளவு குளிர்வது பெரிய விஷயமில்லை. பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமும் கிடையாது. இரண்டு வாரம் கழித்து நகர்த்திப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் தெரியும்.

ஈரத்துணியால் நேரடியாகச் சளி பிடிக்காது. சளிக்குக் காரணம் வைரஸ். சிக்கல் பூசண வித்துகளும் தூசி உண்ணிகளும்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் நெடுநாள் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துவிடும். சென்னையில் அந்த யோகம் ஏது? மெத்தையில் சேரும் அதன் கழிவுதான் பலருக்குக் காலைத் தும்மல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் நுரையீரலிலேயே தொற்றலாம். அப்படி ஒருவர் படுக்கும் அறையில் கொடி கட்டவே கூடாது.

அப்புறம் அந்த வாடை. துவைத்த துணியில் ஏன் நாற்றம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப்போய், மொராக்செல்லா என்ற பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்று 2012-இல் எழுதினார்கள். துவைத்த பிறகும் இழையில் ஒட்டியிருக்கும் இது, மிச்சமிருக்கும் வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று நாற்றமுள்ள ஒரு அமிலத்தை உண்டாக்குகிறது. துணி மெதுவாகக் காயக் காய அதற்கு விருந்து நீளும். வாசனை திரவம் ஊற்றுவது நாற்றத்தின் மேல் இன்னொரு மணத்தைப் பூசும் வேலை.

நான் செய்வது இவ்வளவுதான்: மெஷினில் இன்னொரு முறை வெறும் ஸ்பின் மட்டும் ஓடவிடுவேன். துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி, ஜீன்ஸ் என்றால் பை வெளியே தெரிய உள்பக்கம் திருப்பி. ஏ.சி. இருக்கும் அறையென்றால் ஜன்னலைச் சாத்தி ட்ரை மோடில் போடலாம். அந்த ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து, வெளிக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழ்வீட்டு சன்ஷேடில் விழும். அதற்கு வரும் சண்டை தனிக்கதை.