ஜோலீனை மெதுவாகச் சுற்றவிட்டால்

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் பாடிய 'ஜோலீன்' பாட்டின், நிமிடத்துக்கு 45 முறை சுற்ற வேண்டிய இசைத்தட்டை எடுத்து, ரெக்கார்டு பிளேயரில் 33 சுற்று வேகத்தில் ஓடவிட்டால் ஓர் ஆண் பாடுவார். கனமான, ஏக்கம் நிறைந்த குரல். பொதுவாக வேகத்தைக் குறைத்த பாட்டு சவ்வாக இழுக்கும். இது அப்படி இல்லை, இந்த வேகத்தில் பாடவே எழுதியது போலிருக்கிறது. இத்தனைக்கும் பிளேயரின் வேக விசை ஒன்றைத்தான் நகர்த்தியிருக்கிறோம்.

இந்தப் பாட்டு 1973இல் நாஷ்வில் நகரில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஸ்டுடியோவில் பதிவானது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பில்போர்டு இதழின் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தன் கணவரிடம் குழைந்து பேசிய, சிவந்த கூந்தல் கொண்ட ஒரு வங்கி ஊழியரை மனத்தில் வைத்து எழுதியதாக டாலி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜோலீன் என்ற பெயர் அவரிடம் கையெழுத்து வாங்க வந்த ஒரு சிறுமியுடையது. என் கணவனைப் பறித்துக்கொள்ளாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மன்றாடுவதுதான் பாட்டு. மெதுவாக ஓடும்போது மன்றாடுவது ஆணாகிவிடுவதால், ஒரு சொல்கூட மாறாமல் கதை வேறாகிவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 45ஐ 33⅓ஆல் வகுத்தால் 1.35. இசைத்தட்டின் பள்ளத்தில் ஒலி அலைகள் நெளிவுகளாகப் பதிந்திருக்கின்றன. தட்டு மெதுவாகச் சுற்றினால் ஊசி ஒவ்வொரு நெளிவையும் கடக்க 1.35 மடங்கு நேரம் எடுக்கும். 2 நிமிடம் 41 விநாடி ஓடும் பாட்டு 3 நிமிடம் 37 விநாடிக்கு நீள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டாக இருந்த தாளம் 81க்கு இறங்குகிறது. விநாடிக்கு 277 முறை அதிர்ந்த ஆதார சுரம் 205 முறைதான் அதிர்கிறது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம்: சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும் தூரம், அதோடு பிரமாண சுருதி என்ற மிகச் சிறு இடைவெளி ஒன்று. முன்னதன் விகிதம் 4/3, பின்னதன் விகிதம் 81/80. 4/3ஐ 81/80ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 1.35 வரும். இசையை நினைத்து யாரும் தேர்ந்தெடுத்த எண் அல்ல இது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது, மறு ஆண்டே ஆர்சிஏ அதற்குப் போட்டியாக 45 சுற்றுத் தட்டை இறக்கியது. அந்த வணிகச் சண்டையில் பிறந்த விகிதம் இப்படி ஓர் இசை இடைவெளிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

சுருதி இறங்கியதால் பெண் குரல் ஆண் குரலானது என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. ஒரு பாடகி தன் குரலிலேயே கீழ் சுரங்களில் பாடினால் நாம் அவரை ஆண் என்று நினைப்பதில்லை. காது வேறொன்றையும் கவனிக்கிறது.

நம் குரல் இரண்டு இடங்களில் உருவாகிறது. தொண்டையில் உள்ள குரல்நாண்கள் அதிர்ந்து சுருதியைத் தருகின்றன. அதற்கு மேலே உதடு வரை நீளும் குழாய், அதாவது குரல் பாதை, அந்த ஒலியில் சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் காட்டுகிறது. இந்த மேடுகளுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். நாக்கையும் உதட்டையும் அசைத்து மேடுகளை இடம் மாற்றுவதால்தான் ஆ, ஈ, ஊ என்ற உயிர் ஒலிகள் பிறக்கின்றன. ஆனால் குழாயின் மொத்த நீளத்தை நாம் நினைத்தபடி பெரிதாக மாற்ற முடியாது. வளர்ந்த பெண்களுக்கு அது சராசரியாக 14, 15 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 17 அளவில் இருக்கும். குழாய் நீண்டால் எல்லா மேடுகளும் கீழே இறங்கும். எதிரில் இருப்பவர் குழந்தையா பெரியவரா, ஆணா பெண்ணா என்பதைக் காது பெரும்பாலும் சுருதி, குழாயின் நீளம் ஆகிய இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுசெய்கிறது.

ஜோலீன் என்ற பெயரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் பல்லவியில் திரும்பத் திரும்ப நீண்டு ஒலிப்பது அதிலுள்ள ஈகாரம். 1952இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் பார்னியும் வெளியிட்ட புகழ்பெற்ற அளவீடுகளில், ஈகாரத்தின் இரண்டாம் மேடு பெண்களுக்குச் சராசரியாக 2790 ஹெர்ட்ஸ், ஆண்களுக்கு 2290. இப்போது 2790ஐ 1.35ஆல் வகுங்கள்: 2067. சராசரி ஆணையும் தாண்டிக் கீழே போய்விட்டது! மெதுவான ஜோலீனில் பாடுபவர் நல்ல ஆகிருதி உள்ளவராகத் தோன்றுவது இதனால்தான். அதே சமயம் முதல் மேடும் அதே விகிதத்தில்தான் இறங்கியிருக்கிறது. மேடுகளுக்கு இடையிலான விகிதம் குலையாததால் ஈ என்பது ஈயாகவே காதில் விழுகிறது, சொற்களும் தெளிவாகப் புரிகின்றன. சுருதி 205 ஹெர்ட்ஸில் நிற்பதும் நல்லதாயிற்று. அது டெனர் என்ற மேல் ஸ்தாயி ஆண் குரல் கொண்ட பாடகர் ஒருவர் இயல்பாக, கொஞ்சம் உருக்கமாகப் பாடக்கூடிய இடம்.

யூடியூப்பில் இதே பாட்டை 0.75 வேகத்தில் வைத்துப் பாருங்கள். வேகம் கிட்டத்தட்ட இசைத்தட்டின் 0.74தான், ஆனால் டாலி டாலியாகவே இருப்பார். அங்கே மென்பொருள் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டுகளுக்குள் அதிர்வெண்ணைத் தொடாமல், ஒன்றின்மேல் ஒன்று படிய அடுக்கி நீட்டுகிறது. நேரம் மட்டும் மாறுகிறது, உடம்பு மாறுவதில்லை. கூர்ந்து கேட்டால் கிட்டார் மீட்டலின் தொடக்கங்கள் லேசாகக் கலங்கியிருப்பதும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேகம் என்ன செய்கிறது, அளவு என்ன செய்கிறது என்பது தனித்தனியாக விளங்கிவிடும். என் காதுக்கு யூடியூப் வடிவம் சோர்ந்துபோன ஜோலீன், இசைத்தட்டு வடிவம் முழுமையான வேறொரு பாட்டு.

அளவு என்று சொன்னேன் அல்லவா, அது பாடகரோடு நிற்பதில்லை. பாட்டைத் தாங்கி ஓடும் அந்தக் கிட்டார் மீட்டலில் தாளத்தைக் கால் கால் பங்காகப் பிரித்தால், ஒரு சுரத்துக்கு ஒதுங்கும் நேரம் 136 மில்லிவிநாடியிலிருந்து 184க்கு நீள்கிறது. வேகமாக ஓடும்போது ஒரே சரமாகக் கேட்டவை இப்போது தனித்தனி விரல்களாகக் கேட்கின்றன. தந்திகள் ஏறக்குறைய, வழக்கமான கிட்டாரைவிடக் கீழே ஒலிக்கும் பாரிடோன் கிட்டாரின் சுருதிக்கு இறங்கிவிட, பெட்டியின் ஒத்ததிர்வும் கூடவே இறங்குவதால், பெரிய கிட்டார் ஒன்றை யாரோ வாசிப்பதாகவே காது நம்புகிறது. அறையும் அப்படித்தான். அறையில் பிறந்ததோ கருவியில் சேர்த்ததோ, எதிரொலி அடங்க 1.35 மடங்கு நேரமாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே அளவு பெருகிய ஓர் அறை அது. கொள்ளளவு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பாடகர், கருவி, கூடம் எல்லாமே ஒரே விகிதத்தில் வளர்ந்துவிட்டதால் எதுவும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

அப்படியானால் எந்தப் பாட்டையும் இப்படிக் கேட்கலாமா? பெரும்பாலும் சரிவராது. முக்கியமான தடை விப்ராட்டோ என்ற குரல் அசைவு. மேற்கத்திய பாடகர்களுக்கு அது விநாடிக்கு 5 முதல் 7 முறை வரை இருக்கும். டாலியின் அசைவு வேகமானது, நெருக்கமானது. 6 முறை அசையும் குரல் இந்த வேகத்தில் நாலரை ஆகிறது, அது இன்னும் உணர்ச்சியாகவே கேட்கும். 5 முறை அசையும் பாடகருக்கோ அது நாலுக்குக் கீழே போய், குரல் தள்ளாடுவது போலாகிவிடும். அப்புறம் டிரம்ஸ். ஸ்நேர் என்ற டிரம்மின் அடி கனமாக விழும் பாட்டுகளில் ஒவ்வொரு அடியும் சொதசொதவென்று நீளும். ஜோலீனில் தாளத்தின் பாரத்தைக் கிட்டார் தூக்கிக்கொள்வதால் அந்தத் தொல்லை குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக டாலி சுரத்தில் நிற்கும் சுத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சுரத்துக்கு ஏறும்போது வேகத்தில் மறைந்துபோகும் சிறு வழுக்கல்கள்கூட மெதுவாக ஓடும்போது அம்பலமாகும். இங்கே அவை அம்பலமாகும்போது, ஒவ்வொரு ஏற்றத்தையும் அவர் எவ்வளவு யோசித்துப் பாடியிருக்கிறார் என்றுதான் தெரிகிறது.