பச்சை மையில் ‘சிவப்பு’

பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதி, மையின் நிறத்தைக் கேட்டால் யாருக்கும் நாக்கு ஒரு கணம் தடுமாறும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் இதை அளந்து வெளியிட்டார். 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 விநாடி பிடித்தது. அதே நிறங்களில் வேறு நிறப் பெயர்களை அச்சிட்டுக் கொடுத்தபோது 110.3 விநாடி ஆயிற்று. உளவியல், கணினி, மனம் பற்றிய தத்துவம் மூன்றையும் ஏன் அறிதல் அறிவியல் என்ற ஒரே முதுகலைப் படிப்பில் சேர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள், இந்தச் சோதனையைச் சென்னையில் தமிழில் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.

நான்கு நிறப் பெயர், நான்கு மை நிறம்: 16 இணைகள். நான்கில் சொல்லும் நிறமும் ஒன்றுதான்; 12-இல் வேறு. இரண்டு வகையும் பாதிக்குப் பாதி வரட்டும் என்று கலந்தால் வம்பு. சொல்லைப் பார்த்தே நிறத்தை ஊகிக்கலாம் என்பது பங்கேற்பவருக்குப் பிடிபட்டுவிடும். ஒதுக்க வேண்டிய சொல்லை அவர் விரும்பியே படிப்பார், இரு வகைகளுக்கும் இடையிலான நேர வித்தியாசம் ஊதிப் பெருகும். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கடிகாரத்தை அந்தப் புதுப்பித்தலோடு சேர்த்துத் தொடங்க வேண்டும். சில மென்பொருள்கள் ‘நீ’, ‘சை’ போன்ற எழுத்துகளைப் பிய்த்துப் போடும். சொற்களைப் படக்கோப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய தலைவலி விடையைப் பதிவதில்தான். ஒலி ஓர் அளவைத் தாண்டியதும் நேரத்தைக் குறிக்கும் மைக் கருவிக்கு ‘பச்சை’ சுலபம். ‘ப’ வெடித்து வரும். சென்னைப் பேச்சில் ‘சிவப்பு’ மெல்லிய சீறலாகத் தொடங்கும். ஃபேன் சத்தத்துக்காக உணர்திறனைக் குறைத்து வைத்திருந்தால் கருவி அந்தச் சீறலைத் தவறவிட்டு, பின்னால் வரும் உயிரொலியில்தான் விழிக்கும். சிவப்பு மட்டும் பல மில்லிவிநாடி தாமதமாகத் தெரியும். நாம் தேடும் வித்தியாசமே சுமார் 100 மில்லிவிநாடிதான். ஒவ்வொரு நிறமும் எல்லா வகையிலும் ஒரே விகிதத்தில் வந்தால் இந்தப் பிழை கழித்தலில் அடிபட்டுப் போகும். தவறான விடைகளை நீக்கியதும் அந்தச் சமநிலை குலையும். அதனால் குரலை முழுதாகப் பதிவு செய்து, அலைவடிவத்தைப் பார்த்துத் தொடக்கத்தைக் குறிப்பதே நம்பகமானது.

இன்னொன்று: தமிழில் சொல்லுங்கள் என்றாலும் நடுநடுவே ‘ரெட்’, ‘ப்ளூ’ வந்து விழும். நீலத்தை ‘ஊதா’ என்பவர்களும் உண்டு. படிக்கும் மொழியும் விடை சொல்லும் மொழியும் வேறானால் குறுக்கீடு, அதாவது சொல் உண்டாக்கும் தாமதம், பொதுவாகக் குறையும். எனவே இந்த விடைகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். நான்கு நிறங்களையும் காட்டிப் பெயர்களை முதலிலேயே பேசி முடித்து, கொஞ்சம் பயிற்சியும் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இனி கணினி. 1990-இல் கோஹன், டன்பர், மெக்கிளெலண்ட் மூவரும் ஒரு சிறிய நரம்பு வலையமைப்பைக் கட்டினார்கள்: நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று இணைந்த அலகுகள் கொண்ட கணினி மாதிரி அது. நிறத்துக்கு ஒரு பாதை, சொல்லுக்கு ஒரு பாதை, எந்த வேலையைச் செய்வது என்று சொல்லும் அலகுகள் இரண்டு. வாசிப்பில் நமக்குப் பழக்கம் அதிகம் என்பதால் சொல் பாதைக்குப் பத்து மடங்கு பயிற்சி. ‘நிறத்தைச் சொல்’ என்று கட்டளை கொடுத்தாலும், வலுவேறிய சொல் பாதையிலிருந்து கொஞ்சம் கசிந்து விடைப்பகுதிக்கு வந்துசேரும். சரியான விடை தேவையான வரம்பைத் தொட அதிகக் கணக்கீட்டுச் சுற்றுகள் ஆகும். ‘வாசிப்பு தானாக நடக்கும்’ என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் சுற்றுகள் மில்லிவிநாடி அல்ல. ஒரு பெருக்கெண்ணும் ஒரு கூட்டெண்ணும் கொண்டு மனிதத் தரவோடு பொருத்திய பிறகே அவை நேரமாகின்றன. தத்துவம் படித்தவர் இங்கேதான் கையைத் தூக்குவார்: பொருந்தியது, சரி, விளக்கியதா? வலையமைப்புக்குச் சிவப்பு என்பது ஓர் அலகில் ஏறிய 1, அவ்வளவே. தாமதம் ஏன் என்று அது சொல்கிறது. சிவப்பைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்ற கேள்வியை அது தொடவே இல்லை, தொடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பொருத்தம் பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் ஒரு வழி உண்டு. தமிழ்வழி மாணவர்களின் தரவை வைத்து அந்த இரு எண்களையும் முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். பிறகு தமிழை அரிதாகவே படிக்கும் ஆங்கிலவழி மாணவர்களுக்காகச் சொல் பாதையின் பயிற்சியை மட்டும் குறைத்து, தமிழ்ச் சொற்களின் குறுக்கீடு எவ்வளவு என்று வலையமைப்பைக் கணிக்கச் சொல்லி, அதை எழுதி வைத்த பிறகே அவர்களை ஆய்வகத்துக்கு அழைக்க வேண்டும்.