புயல் வலுவிழந்துவிட்டது, மழை?

"சார், புயல் வலுவிழந்துடுச்சாமே, இனிமே பயமில்லைல்ல?"

வானிலை ஆய்வில் இருக்கும் எனக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போகிறது. கடைசியாகக் கேட்டவர் உர வியாபாரி. அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்குள், பலகைமேல் அடுக்கியிருந்த மூட்டைகளைக் குடோன் தரையில் இறக்கிவிட்டிருந்தார். மறுநாள் அவர் அனுப்பிய படத்தில், அடிவரிசை யூரியா கரைந்து, சாக்குகள் சப்பிப்போய்க் கிடந்தன.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்பதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்து நாங்கள் சொல்லும் பெயர்கள். மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை! 'வலுவிழந்தது' என்றால் காற்று குறைந்தது, அவ்வளவுதான். ஈரம் அப்படியே இருக்கும். மெதுவாக நகர்ந்தால் ஒரே ஊரில் கொட்டித் தீர்த்துவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் வலுவிழந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் (எங்களுக்கு மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை) கடலிலிருந்து வெகுதூரம் உள்ள ஊத்தங்கரையில் பதிவானது சுமார் 50 செ.மீ. நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது புயலே கிடையாது. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி (தரைக்கு மேலே உயரத்தில் காற்று சுழல்வது)தான் இருந்தது. செய்தியில் அந்தச் சொல் வந்தால் யாரும் காதில் வாங்குவதில்லை. ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 38,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது, ஐயா!

ஆகவே புயலின் பெயரை விடுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிற எச்சரிக்கை என்று பாருங்கள். சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும். காற்று ஓய்ந்ததும் முகாமிலிருந்து கிளம்பாதீர்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். ஆற்றோரம் இருப்பவர்கள் மேற்கே பெய்யும் மழையையும் விசாரியுங்கள். கடலூரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது ஃபெஞ்சல் புயல் கடந்த பிறகுதான். டிசம்பர் 2 அதிகாலையில், அதே ஆற்றில் மேற்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது.

அப்புறம், குடோன் வைத்திருப்பவர்களே, எச்சரிக்கை விலகும்வரை மூட்டைகள் பலகைமேலேயே இருக்கட்டும்.