பொந்து விழ எத்தனை ஆண்டு?

“நூறு மரம் வெட்டினால் ஆயிரம் நடுகிறார்களே, கணக்கு நேராகிவிடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கார்பன் கணக்கு இருக்கட்டும். முதுகாட்டில் இருக்கும், நட்ட காட்டில் இல்லாத ஒன்றைப் பார்ப்போம்: பொந்து.

வைரம் பாய்ந்த மரம் என்று உறுதிக்குச் சொல்கிறோம். ஆனால் வைரக்கட்டை, அதாவது மரத்தின் நடுக்கட்டை, உயிரற்றது. அதற்குக் காவல் முன்பே சேர்த்துவைத்த டானின் என்ற துவர்ப்புப் பொருளும் பிசினும்தான். சுற்றியுள்ள சாற்றுக்கட்டையில் உயிரும் உண்டு, நீரும் உண்டு. நீர் நிறைந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் பூஞ்சை அங்கே திணறும். பெருங்கிளை ஒன்று முறிந்தால் வைரக்கட்டை வெளியே தெரியும். பூஞ்சையின் நுண்வித்துகள் (ஸ்போர்கள்) அதில் இறங்கி, கட்டையை ஆக்கியிருக்கும் லிக்னினையும் செல்லுலோசையும் சிதைக்கத் தொடங்கும். மரம் சாகாது. உள்ளே கூடாகிக்கொண்டே வெளியே பருத்துக்கொண்டு போகும். இளமரத்துக்கு இந்த வாய்ப்பில்லை: வைரக்கட்டை மெலிது, சிறு காயத்தைப் புதுக்கட்டை மூடிவிடும்.

மரங்கொத்தி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. விக்டோரியா மாநிலத்தின் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்களில் பொந்து விழத் தொடங்கவே ஏறத்தாழ 120 ஆண்டு ஆகும். லெட்பீட்டர் பாசம் என்ற சிறு விலங்குக்கு அதுதான் வீடு. 80 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் காடு பச்சையாகவே இருக்கும், பொந்து மட்டும் பிறக்காது. 2024 தொடக்கத்தில்தான் அந்த மாநில அரசு இயற்கைக் காடுகளில் வணிக வெட்டை நிறுத்தியது. பொந்துக்குப் பதிலாக மரங்களில் பலகைக் கூடுகள் மாட்டிப் பார்த்தார்கள். மெல்லிய பலகை பகலில் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது, சில ஆண்டுகளில் உளுத்து விழுகிறது.

ஐரோப்பிய ஓக் பொந்துகளில் சேரும் மக்கிய மரத்தூளில் ஹெர்மிட் வண்டு வளர்கிறது. ஸ்வீடனில் நடந்த ஆய்வில் சுமார் 15% வண்டுகளே பிறந்த மரத்தைவிட்டு வேறு மரத்துக்குப் போயின. பக்கத்து முதுமரங்களை வெட்டியபின்னும் தனிமரத்தில் அவை பல தலைமுறை இருக்கும். அந்த மரம் விழும் நாளில்தான் அங்கே இந்த இனம் மறையும். இதற்கு ‘அழிவுக் கடன்’ என்று பெயர். வெட்டிய மறுநாள் எண்ணிப் பார்த்து “எல்லாம் இருக்கிறதே” என்று எழுதும் அறிக்கைகள் இந்தக் கடனைப் பார்ப்பதில்லை.

ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வரையறைப்படி அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டர் உயரம், 10% விதான மறைப்பு (மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு) இருந்தால் அது காடு. ரப்பர் தோட்டமும் இதில் தேறிவிடும். வயதுக்கு மதிப்பெண் இல்லை.

ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் இப்போது இளம் ஓக் மரங்களை வேண்டுமென்றே காயப்படுத்தி, பொந்தை முன்கூட்டியே வரவழைக்க முடியுமா என்று சோதிக்கிறார்கள். விடை தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளில் தீர்ந்துபோகிறது.