சோலார் போட்டும் கரண்ட் இல்லையே!

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தாலே என் போனுக்கு ஓய்வு கிடையாது. போன வாரமும் அப்படித்தான். காலை பதினோரு மணிக்குள் மூன்றாவது அழைப்பு. ஆறு மாதம் முன்பு கோவில்பட்டியில் நான் 3 கிலோவாட் சோலார் மாட்டிக் கொடுத்த கடைக்கார அண்ணாச்சி. "வெயிலு மண்டையப் பொளக்கு, மாடில பேனல் பளபளன்னு கெடக்கு, வீட்ல ஒத்த ஃபேன் ஓடல. ஏமாத்திட்டியளே தம்பி!"

மாட்டும்போதே சொன்னேன். யார் கேட்கிறார்கள்? இங்கே ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

மானியத்தோடு வீடுகளில் போடுவது பெரும்பாலும் ஆன்-கிரிட், அதாவது தெருக் கம்பியோடு சேர்ந்தே ஓடும் வகை. அதில் பேட்டரி இல்லை. தெருக் கம்பியில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் அதன் இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் பெட்டி) ஓடும். தெருவில் கரண்ட் போனால் இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிடும். இது பழுது இல்லை, நிற்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நிற்காவிட்டால் உங்கள் மாடிக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். அங்கே போஸ்ட்டில் லைன்மேன் ஏறி நிற்பார்.

"அப்போ வீட்டுக்கு மட்டுமாவது தரலாமே?" இது அடுத்த கேள்வி. ஒரு மேகம் கடந்தால் பேனலின் வரத்து பாதியாகும். அதே நேரம் தண்ணீர் மோட்டார் கிளம்பினால் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டையும் தாங்கிப்பிடிக்க பேட்டரி வேண்டும், அல்லது தெருக் கம்பி வேண்டும்.

அண்ணாச்சி வீட்டுக்கு நேரில் போனால் இன்னொரு கூத்து. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சேஞ்ச்ஓவர் (தெருக் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் சேராமல் பிரிக்கும் சுவிட்ச்) இல்லாமலே ஜெனரேட்டரை அதே லைனில் கொடுத்து, இன்வெர்ட்டரை 'ஏமாற்றி' ஓடவைக்கப் பார்த்திருக்கிறார். மெயின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தேன்.

டீக்கடையில் பெரிய அளவில் நடக்கும் சண்டையும் இதே குழப்பம்தான். "காத்தாடியும் சோலாரும் இவ்வளவு இருக்கே, அனல் மின்நிலையம் எதுக்கு?" என்பார் ஒருவர். "காத்தாடி எல்லாம் சும்மா காட்சிக்கு" என்பார் மற்றவர். இருவருமே மெகாவாட்டை மட்டும் பார்க்கிறார்கள். எந்த மணிக்கு, எந்த மாதம் என்று பார்ப்பதில்லை.

எங்கள் தென்மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் இயந்திரங்கள் ஐந்து. நிலக்கரி ஒடிசா சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் வருகிறது. ஒரு இயந்திரம் முழுதாக ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 3,500 டன் தின்னும். சாம்பலும் புகையும் ஊருக்கு. ஆனால் இரவு ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போடும்போது கைகொடுப்பது அதுதான். கயத்தாறு, ஆரல்வாய்மொழிக் காத்தாடிகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை கொண்டாட்டம், கார்த்திகையில் பாதி நாள் சும்மா நிற்கும். தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தும் இதுதான் நிலைமை. சோலார் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும், மாலை ஆறரைக்கு மேல் பூஜ்யம்.

சோலார் விற்றுப் பிழைப்பவன் நான். ஆனாலும் சேமிக்க வழி செய்யாமல் அனலை மூடு என்று சொல்ல மாட்டேன். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் மிஞ்சும் கரண்ட்டால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். அப்படி இன்னும் நிறைய வேண்டும். அதற்காக மாடிப் பேனல் வீண் என்றும் ஆகாது. பகலில் அது தரும் ஒவ்வொரு யூனிட்டும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரியை மிச்சம்பிடிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (தெருக் கம்பி, பேட்டரி இரண்டோடும் ஓடுவது) பேட்டரியும் வாங்குங்கள். செலவு கூடும், பேரம் பேசி என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச்ஓவர் கட்டாயம், இதில் சமாதானமே கிடையாது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். பேனலை விடியற்காலையில் கழுவுங்கள், உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். புதுசாகத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், நிழல் எங்கே விழும் என்று சொல்கிறேன்.

அடுத்த பராமரிப்பு மின்தடை காலை ஒன்பது முதல் இரண்டு வரை. அண்ணாச்சி, அன்றைக்கும் இன்வெர்ட்டர் நிற்கும். தயவுசெய்து போன் பண்ணாதீர்கள்.