கரியமில வாயுவிலிருந்து மெத்தனால்: முதலில் கரண்ட் கணக்கு

கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றிவிட்டார்கள், பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் அதை நம்புவேன்.

எரிபொருளாகப் பயன்படும் மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். 1 டன் மெத்தனால் செய்ய 1,375 கிலோ கரியமில வாயுவும் சுமார் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரை மின்பகுத்து எடுத்தால், கிலோவுக்கு 50 யூனிட் கரண்டாவது செலவாகும். ஆக 9,500 யூனிட். அந்தக் கரண்ட் நிலக்கரியிலிருந்து வந்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியாகப் போய்விடும். 1.4 டன்னைப் பிடிக்க 9 டன்னை வெளியே விட்டிருக்கிறோம்!

தவறு வேதியியலில் இல்லை. கரியமில வாயு எரிந்து முடிந்த பொருள், சாம்பல் மாதிரி. அதிலிருந்த ஆற்றல் எரியும்போதே போய்விட்டது. மறுபடி எரிபொருளாக்க வேண்டுமென்றால் போன ஆற்றலை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஊட்டத்தான் வேண்டும். எங்கிருந்து என்பதுதான் முதல் கேள்வி. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் 2012-இல் திறக்கப்பட்ட ஜார்ஜ் ஓலா ஆலைக்கு இதற்கு நல்ல பதில் இருந்தது. பூமிக்கடியில் உள்ள வெப்பத்திலிருந்து கரண்ட், பக்கத்துப் புவிவெப்ப நிலையத்திலிருந்தே வாயு. ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால், அதற்கு 5,500 டன் கரியமில வாயு.

கட்டி முடித்த ஆலையைக் கணக்குப் பார்ப்பது எளிது. கரியமில வாயுவையே மின்கலத்தில் செலுத்தி, கரண்டால் நேரடியாக வேறு பொருளாக்கும் முறைகளும் உண்டு. அப்படித் தபால்தலை அளவு மின்முனையோடு ஆய்வகத்தில் இருக்கும் தொழில்நுட்பத்தை எடைபோடுவதுதான் கஷ்டம். தயார்நிலையை 1 முதல் 9 வரை எண்ணும் அளவுகோல் ஒன்று உண்டு, நாசாவில் பிறந்தது. அதில் 3-ஆம் படியில் நிற்கும் ஒன்றுக்கு ஆலைச் செலவும் தெரியாது, ஆயுளும் தெரியாது. இருந்தாலும் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உண்டான பொருள் உண்மையிலேயே கரியமில வாயுவிலிருந்துதான் வந்ததா? வினையை வேகப்படுத்தும் வினையூக்கியில் ஒட்டியிருந்த கரிம அழுக்கே சிதைந்து மெத்தனாலாகத் தெரிந்திருக்கலாம். இதைப் பிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. சற்றே கனமான கார்பன்-13 அணு கொண்ட கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். வெளியே வரும் பொருளிலும் அதே கனமான கார்பன் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து, கொடுத்த கரண்டில் எவ்வளவு பயன்பட்டது என்பது. "90 சதவீதம்" என்று போட்டிருந்தால், பாய்ந்த எலெக்ட்ரான்களில் 90 சதவீதம் சரியான பொருளுக்குப் போனது என்று மட்டுமே பெரும்பாலும் அர்த்தம். கரியமில வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு செய்யக் கொள்கைப்படி 1.34 வோல்ட் போதும். நடைமுறையில் 3 வோல்ட் கொடுத்தால், அந்த 90 சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது கொடுத்த ஆற்றலில் பொருளுக்குள் போய்ச் சேருவது 40 சதவீதம்தான். எலெக்ட்ரான் சதவீதம், வோல்ட் என்ற இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத் தராத கட்டுரையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம், எத்தனை மணி நேரம் ஓடியது? ஓடி முடித்த மின்கலத்தைப் பிரித்தால், வாயு நுழையும் நுண்துளைகளில் வெள்ளையாக உப்புப் படிகம் அடைத்துக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி. ஆலைக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்க வேண்டும்.

செய்த பொருளில் அந்தக் கார்பன் எவ்வளவு காலம் தங்கும் என்பது வேறு விஷயம். யூரியா வயலில் விழுந்த கொஞ்ச நாளிலேயே சிதைந்து கரியமில வாயுவைத் திரும்ப விட்டுவிடும். எரிபொருளானால் எரிக்கும் அன்றே போய்விடும். ஆனால் அந்த எரிபொருள் பெட்ரோலியத்தை நிலத்தடியிலேயே இருக்க விட்டதென்றால், அது ஆதாயம்தான். கான்கிரீட்டில் சுண்ணாம்புக்கல்லாக மாறிய கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் அசையாது. அந்த வினைக்கு வெளியிலிருந்து ஆற்றல் ஊட்ட வேண்டியதில்லை, தானே வெப்பத்தை விடும். கரியமில வாயுவை வைத்துச் செய்யும் பொருட்களில் என் நம்பிக்கை அதிகம் அதன்மேல்தான்.

ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனைப் பாருங்கள். 2 கரியமில வாயு மூலக்கூறுகள் ஒரு எத்திலீனாக மாறும்போது 12 ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. அவை இன்னும் 6 கரியமில வாயு மூலக்கூறுகளைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடும்; நுண்துளைகளை அடைக்கும் உப்பும் இதிலிருந்துதான். 8 உள்ளே போனால் 2 மட்டுமே பொருளாகிறது, 25 சதவீதம். வினையூக்கியை எவ்வளவு மெருகேற்றினாலும் காரக் கரைசலிலோ நடுநிலைக் கரைசலிலோ இந்த உச்சவரம்பு நகராது. கார்பனேட்டைப் பிரித்துப் பழைய வாயுவாக்கத் தனியாக ஆற்றல் வேண்டும். இந்தக் கணக்கு கண்ணில் பட்ட பிறகு பல குழுக்கள் அமிலக் கரைசலுக்கு மாறின. அங்கே கார்பனேட் நிலைப்பதில்லை. உப்பு அடைப்பதும் குறைகிறது. ஆனால் அமிலத்தில் ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறும். மின்முனையை ஒட்டிப் பொட்டாசியம் அயனிகளைத் திரட்டி வைத்து அதை அடக்கும் வேலையில்தான் இப்போது பலர் மும்முரமாக இருக்கிறார்கள்.