டிரான்ஸ்பார்மரை மாற்றும் முன்...

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள் வீட்டிலும், கோயில் சாமான் அறைகளிலும் பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபையர்கள் இன்னும் கிடக்கின்றன. தீமிதிக்குப் பாடிய செட் என்று ஆசையாகத் தூக்கி வருகிறார்கள். "அண்ணே, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போச்சு, புதுசு போட்டுக் கொடுங்க." வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அது போயிருக்கலாம். ஆனால் அது தானாகப் போவது குறைவு. காரணத்தைப் பிடிக்காமல் மாற்றினால் புதியதும் போகும்.

பல நேரம் காரணம் நாம்தான். ஸ்பீக்கர் மாட்டாமல் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பாட்டைப் போட்டால், பிரைமரி சுருளில் (வால்வுப் பக்கச் சுருள்) வோல்ட் எகிறிக் காப்பு பொத்துக்கொள்ளும். அடுத்த சந்தேகம் பழைய கப்ளிங் கெப்பாசிட்டர் (பாட்டை மட்டும் விட்டு டிசி வோல்ட்டைத் தடுப்பது) மேல். அது கசிந்தால் வால்வின் கிரிட்டில் (பாட்டு நுழையும் முனை) பாசிட்டிவ் வோல்ட் ஏறி, பிளேட் (பாட்டு வெளியேறும் தகடு) சிவந்து, சுருள் வெந்துவிடும். கேத்தோடு ரெசிஸ்டரில் பயாஸ் (வால்வின் கரண்டை அளவோடு பிடிக்கும் வோல்ட்) ஆகும் செட்டாக இருந்தால், பாட்டு ஓடாதபோது கிரிட்டில் ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். இஎல்84 வால்வுக்கு அது 2-ஆம் பின், இஎல்34-க்கு 5-ஆம் பின். சில வோல்ட் காட்டினால் கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் வால்வே கோளாறு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பில்டர் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் நிற்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். இது தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

புஷ்-புல் (இரண்டு வால்வு மாறி மாறி இழுக்கும்) டிரான்ஸ்பார்மரில் நடு டேப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஓம் பாருங்கள். சிறு வித்தியாசம் சகஜம். வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் கூடுதல். ஒரு பக்கம் கம்பி அறுந்திருந்தால் அந்த வால்வின் பிளேட்டுக்கு வோல்ட் வராது, பிளேட்டுக்கு முன் இருக்கும் ஸ்கிரீன் கிரிட்தான் சிவக்கும். சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகியிருப்பதை ஓம் மீட்டர் காட்டிக் கொடுக்காது. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுப் பிரைமரி முழுவதுக்கும் 6.3 வோல்ட் ஏசி கொடுங்கள். இரண்டு பாதியிலும் 3.15 வர வேண்டும். 8 ஓம் முனையில் 0.2 வந்தால் விகிதம் 31.5, அதன் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கினால் சுமார் 8,000 ஓம். இரட்டை இஎல்84-க்குச் சரியான அளவு. மாற்றி செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கம்) 6.3 கொடுத்துவிடாதீர்கள், மறுமுனையில் 200 வோல்ட் காத்திருக்கும்.

பழைய ரேடியோவில் கழற்றிய ஒற்றை வால்வு டிரான்ஸ்பார்மரைக் கொண்டு வந்து "இது ஆகாதா?" என்பார்கள். ஆகாது, அதில் நடு டேப்பே இருக்காது. ஓம், வாட், தாங்கும் கரண்ட் மூன்றும் பொருந்த வேண்டும்.

ஒயரை வெட்டுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை மாட்டி, கரண்ட் வரும் லைனில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து சுவிட்ச் போடுங்கள். பல்பு பிரகாசமாகவே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு மங்கி, ஆனால் செட் ஊளையிட்டால் பயப்படாதீர்கள், பீட்பேக் (வெளியீட்டிலிருந்து உள்ளே திரும்பும் சிக்னல்) தலைகீழாகியிருக்கும். உடனே அணைத்து, கெப்பாசிட்டரை இறக்கி, இரண்டு பிளேட் ஒயரையும் இடம் மாற்றுங்கள்.